எங்கே நின்றது

நாற்காலிகள் வரிசையாக இருந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. மீட்டிங் எங்கே நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போடுவார். துடைக்கிற அம்மா ஓடி வந்து கையிலிருந்து வாங்கப் பார்த்தாலும் விடமாட்டார். "வரிசையா உக்காந்தா முன்னாடி இருக்கிறவன் முதுகத்தான் பாக்கணும். முதுகப் பாத்துக்கினு யாரு உண்மை பேசுவாங்க?" என்பார்.

பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் பேசிக்கொண்டே கன்னடத்துக்குத் தாவி, எதிரே இருப்பவர் உருதுக்காரராக இருந்தால் தக்கினிக்குப் போய், அதே மூச்சில் தமிழுக்குத் திரும்பி வருவார். நான் வாணியம்பாடியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். "சும்மனே எதுக்கு மேடம்? அக்கான்னு கூப்பிடு. வாயும் வலிக்காது" என்றார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர்களைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

எங்கள் கம்பெனி டயாலிசிஸ் பைகளை விற்றது. சிறுநீரகம் பழுதானவர்களில் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வார்கள். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு பை திரவத்தை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை, எல்லா நாளும். பை இல்லையென்றால் உடம்பில் சேர்ந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. அந்தப் பைகளைப் பெட்டி பெட்டியாக வீடுகளுக்கு அனுப்புவது எங்கள் வேலை. துமகூர் ரோட்டில் குடோன், அதற்கு மேல்மாடியில் ஆபீஸ். சரக்கு தயாரிக்கிற இடத்திலிருந்து வந்து வீட்டு வாசலில் இறங்கும்வரை நடக்கிற எல்லாவற்றுக்கும் அக்காதான் மேனேஜர். நான் அவருக்குக் கீழே பிளானிங்கில் இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், சேல்ஸ் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருப்பார்கள். அந்த வாரம் எங்கெங்கே சரக்கு தாமதமானது, ஏன் தாமதமானது என்று எல்லோருமாகப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் பார்த்த முதல் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா சிரித்துவிட்டு, "சரி, நானே ஆரம்பிக்கிறேன்" என்றார். புடவை விஷயமாகத் தங்கையோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே மைசூருக்குப் போக வேண்டிய லோடு மொத்தத்தையும் மண்டியாவுக்கு அனுப்பிய கதையைச் சொன்னார். டிரைவர் மண்டியாவில் நின்றுகொண்டு, "மேடம், இங்க வாங்கிக்க ஆளே இல்ல, நான் என்ன, ரோட்ல கூவி விக்கவா?" என்று கேட்டானாம். அறை முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. "யாருன்னு வேணாம். எங்க நின்னுச்சு, அத மட்டும் சொல்லுங்க." யாராவது பழக்கதோஷத்தில் ஒரு பெயரைச் சொல்ல வாயெடுத்தால் கையை உயர்த்திவிடுவார். ஒருமுறை பர்ச்சேஸ்காரர், "அந்த ரமேஷ் இருக்கானே…" என்று ஆரம்பித்தார். அக்கா கையைத் தூக்கினார். "ரமேஷ் வேணாம் சார். ரமேஷ் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சு?" தேடிப் பார்த்தால், லேபிள் அச்சடிக்க ஒப்புதல் கேட்டு அனுப்பிய மெயில், பிரசவ லீவில் போன ஒரு பெண்ணின் கணக்கில் கிடந்தது. ரமேஷ் எழுந்துபோய் இன்னொரு டீ எடுத்துக்கொண்டு வந்தான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். இளம்வயதில் கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் லைன் சூப்பர்வைசராக இருந்தாராம். ஒரு பெண் தைத்த சட்டைகளில் பட்டன் இல்லை என்று அவளை ஷிஃப்ட் முழுக்க எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்துவிட்டார்கள். ஸ்டோரிலிருந்து பட்டனே வரவில்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. "அவ மறுநாள் வரல. அப்புறம் வரவே இல்ல. அவ நின்னுக்கினு இருந்தப்ப நான் பாத்துக்கினுதான் இருந்தேன். என்னால ஒண்ணும் கேக்க முடியல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். "எங்கம்மா கேஸ் தீந்துபோனாகூட எங்களை உக்கார வச்சு மீட்டிங் போடும்" என்று அவருடைய மகள் என்னிடம் புகார் சொன்னாள். ஒரு கோடையில் அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வராமல் போனது. கீழ்க்கோடி வீட்டுக்காரர்கள், மேல்கோடியில் இருப்பவர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்றார்கள். மேல்கோடிக்காரர்கள் அதை மறுத்து அடிக்கப் போனார்கள். குடங்கள் நசுங்கிக் கொண்டிருந்த அந்த நேரத்தில் அக்கா பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவில் வட்டமாகப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார். நான் அன்று அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். "யாருன்னு விடுங்க. உங்க வீட்ல கடைசியா எப்ப வந்துச்சு? உங்க வீட்ல?" என்று வீடு வீடாகக் கேட்டார். கேட்கக் கேட்கப் பெண்களே கண்டுபிடித்துவிட்டார்கள். தெருவின் நடுவில் ரோடு போட வந்தவர்கள் தோண்டி மூடிய இடத்துக்குக் கீழே இருக்கிற எந்த வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. ஆள் வந்து தோண்டிப் பார்த்தபோது குழாய் நசுங்கிக் கிடந்தது. அன்று சாயங்காலம் தண்ணீர் வந்தது. காலையில் அடித்துக்கொள்ளப் போன இரண்டு பெண்களில் ஒருத்தி குடத்தை இன்னொருத்திக்குத் தூக்கிவிட்டதைக் காட்டி, "பாத்தியா?" என்று மட்டும் சொன்னார் அக்கா. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து பேசினால் எதையும் கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடித்ததைச் சரிசெய்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினார்.

ஆனேக்கலிலிருந்து ஒருவர் போன் செய்ய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஓசூர் போகிற பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய மனைவிக்கு நாங்கள்தான் பை அனுப்பிக்கொண்டிருந்தோம். சத்தமே போடமாட்டார். "மேடம், நம்ம மிஸ்ஸஸுக்கு இன்னும் பாக்ஸ் வரல மேடம். ஸ்வல்ப நோடி, கொஞ்சம் பாருங்க மேடம்" என்பார். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும். பெட்டி ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தாமதமானது. எங்கள் கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். சரக்கு இருக்கிறது, வண்டி இருக்கிறது என்றே காட்டும்.

அந்த சனிக்கிழமை அக்கா இதை மட்டும் எடுத்தார். ஒரு சுற்று முழுக்க எல்லோரும் சரக்கு இருக்கிறது, வண்டி இருக்கிறது என்றே சொன்னார்கள். கடைசியில் ஷபீர் தொண்டையைச் செருமினான். டிஸ்பாட்சில் வண்டிகளை ஒதுக்குகிறவன். ஜீவனஹள்ளியில் நான் இருந்த பி.ஜி.க்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சில நாள் என்னைப் பைக்கில் கொண்டுவந்து விடுவான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"ஆபா, சொல்லலாமா?" என்றான். அக்காவை அவன் உருதுவில் அப்படித்தான் கூப்பிடுவான்.

"இந்த ரூமுக்குள்ள சொன்னது யாரையும் கடிக்காது. சொல்லு."

"மாசக் கடைசியில வீட்டு வண்டிங்கள டீலர் லோடுக்குத் திருப்பச் சொல்லி போன் வரும் ஆபா. எழுத்துல எதுவும் வராது. டீலருங்க கேக்காத சரக்கையும் அவங்க தலையில ஏத்திடுவோம், டார்கெட் ரீச் ஆயிடும். அடுத்த மாசம் பாதி திரும்பி வந்துடும். அந்த நாலஞ்சு நாள் வீட்டு டெலிவரி அப்படியே நிக்கும்."

யாரிடமிருந்து போன் வரும் என்று அவன் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஆனால் அப்படி ஒரு போனைச் செய்யக்கூடியவர் சேல்ஸ் டைரக்டர் ஒருவர்தான். முதலாளியின் மருமகன்.

அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் முதல் வேலையாக ஆனேக்கலுக்குப் போன் போட்டார். "அண்ணா, கண்டுபிடிச்சிட்டோம். எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நிக்காது, நீங்க தைரியமா டூட்டிக்குப் போங்க." அவர் அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப நன்றி சொன்னது எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை அந்த டைரக்டரைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டைரக்டர் மென்மையான மனிதர். எங்களை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, முழுவதையும் கேட்டார்.

"ரொம்ப நல்ல வேலை. இதுமாதிரி ஓப்பனா பேசறதுதான் நம்ம கம்பெனிக்குத் தேவை. இத சொன்னது யாரு?"

"மீட்டிங்ல வந்தது சார்."

"இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"பேரு எடுக்கறதில்ல சார்."

"நல்ல பழக்கம்" என்று சிரித்தார்.

அக்கா படியிறங்கும்போது என் தோளைத் தட்டினார். வண்டிகளை ஒதுக்குகிறவன் ஒருவன்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் ஷபீரைக் கூப்பிட்டு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஆள் குறைப்பு என்று சொன்னார்கள். அக்கா மாடிப்படி ஏறி ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செருப்பு ஒன்று நழுவியது. அதை விட்டுவிட்டே ஓடினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்றாரு" என்றார். வாசல் கேட்டுக்குப் போனோம். ஷபீர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஷபீர், நான் பேரு சொல்லலடா."

"தெரியும் ஆபா. நீங்க சொல்லமாட்டீங்க."

"நானும் பேப்பர் போடறேன்."

"வேணாம் ஆபா. நீங்களும் போயிட்டா அந்த ஆனேக்கல்காரரு யாருக்குப் போன் பண்ணுவாரு?"

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அக்கா அங்கேயே நின்றார். செக்யூரிட்டி நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்: "அவன் என்னை ரெண்டு வார்த்த திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்."

கூட்டங்கள் நிற்கவில்லை. டைரக்டரே தொடர்ந்து நடத்தச் சொன்னார். ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து வட்டத்துக்கு வெளியே இன்னொரு நாற்காலி வந்தது. அதில் ஹெச்.ஆர். ஆள் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். அக்கா வழக்கம்போலக் கேட்டார். "இந்த வாரம் எங்க நின்னுச்சு?"

கொஞ்ச நேரம் கழித்து ரமேஷ், "மேடம், ஸ்டோர்ஸ் ஏசியில தண்ணி ஒழுகுது" என்றான். உடனே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஏசி, கேன்டீன் சாம்பார், பைக் நிறுத்த இடமில்லாதது என்று உற்சாகமாகப் பேசினார்கள். ஹெச்.ஆர். ஆள் விடாமல் டைப் அடித்தார். கூட்டத்தைப் போட்டோ எடுத்து ரிசப்ஷன் சுவரில் மாட்டினார்கள். போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அக்காவைத் தவிர.

அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வாரா வாரம் அதே வட்டத்தைப் போட்டு, தன்னுடைய தப்பு ஒன்றை முதலில் சொல்லி, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பார்க்கப்பட்டவர்கள் போனை எடுத்துப் பார்ப்பார்கள். "நீங்க ஏன் இன்னும் நடத்தறீங்கக்கா?" என்று கேட்டேன். "யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்கம்மா" என்றார். சொன்னால் அவரும் போவாரே என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. யாராவது சொல்லிவிட வேண்டுமே என்ற தவிப்பும், சொல்லிவிடப்போகிறார்களே என்ற பயமும் ஒரே முகத்தில் தெரியும்.

அடுத்த மாதக் கடைசி அப்படியொன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த மாதம் டார்கெட் பெரியது. இந்த முறை வண்டி மட்டும் திரும்பவில்லை. குடோனில் இருந்த பைகள் மொத்தத்தையும் ஹூப்ளி, பெல்லாரி டீலர்களிடம் தள்ளிவிட முடிவுசெய்திருந்தார்கள். பில் போடுகிறவர்களுக்கு அது முன்கூட்டியே தெரியும். ஸ்டோர்ஸுக்குத் தெரியும். அந்த சனிக்கிழமை வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"மாசக் கடைசி வருது" என்றார் அக்கா. "வீட்டுப் பேஷண்ட்ஸுக்கு எங்கயாவது நிக்குமா? இப்பவே சொன்னீங்கன்னா கொஞ்சம் பெட்டி எடுத்து வச்சிடலாம்."

ஸ்டோர்ஸ்காரர் என்னைப் பார்த்தார், ஹெச்.ஆர். ஆளைப் பார்த்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்தார். "எல்லாம் ஓகே மேடம்" என்றார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் குடோனில் வீட்டுப் பை ஒன்றுகூட இல்லை. அக்கா யார் யாருக்கோ போன் செய்தார். ஆஸ்பத்திரிகளில் கெஞ்சினார். தம்பியின் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கிடைத்த பெட்டிகளை அவசரமானவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஆனேக்கல்காரர் அந்த முறை போன் செய்யவில்லை. போன் செய்யாததால் அவர்களிடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது அவருடைய மனைவி இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஆனேக்கலுக்கு ஆம்னியிலேயே போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்ன வீடு. கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம், உக்காருங்க" என்று பாயை விரித்தார். மகள் ஒருத்தி, காலேஜ் படிக்கிற வயது, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுவரோரம் பிரிக்காத பை இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் சொன்னார்.

"அது மிச்சம் வச்சது மேடம். பாக்ஸ் லேட்டானா என்ன பண்றதுன்னு அவளே ரெண்டு வேளைதான் மாத்திக்கிட்டிருந்திருக்கா. நாலு வேளை மாத்தணும்ல? எங்கிட்ட சொல்லல. நான் காலையில போனா நைட்தான் வருவேன். கால் வீங்கியிருக்கேன்னு கேட்டேன். நின்னுக்கிட்டே வேலை செஞ்சேன், அதான்னா. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போக முடியல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"நீங்க கண்டுபிடிச்சாச்சுன்னு சொன்னீங்கல்ல மேடம். அவகிட்ட சொன்னேன். சந்தோஷப்பட்டா. ஆனா எதுக்கும் இருக்கட்டும்னு மிச்சம் பிடிக்கிறத மட்டும் விடல போல." கொஞ்சம் நிறுத்தி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். "கண்டுபிடிச்சாச்சுன்னா, அப்புறம் ஏன் மேடம் நின்னுச்சு?"

திட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. அவர் முகத்தில் கோபமே இல்லை. பதில் வரும் என்று காத்திருந்தார். கடைசியில் அவரே, "பரவால்ல விடுங்க மேடம், இவ்ளோ தூரம் வந்தீங்களே" என்றார். அக்கா அழுதது அப்போதுதான். அவர் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா அந்த வாரமே வேலையை விட்டார். விடும் முன் டைரக்டரிடம் போய்த் தெரிந்த எல்லாவற்றையும், அந்தப் பெண் செத்ததையும் சொல்லியிருக்கிறார். "ரொம்ப வருத்தமான விஷயம். கிட்னி பேஷண்ட்ஸ்னா இதெல்லாம் எதிர்பார்க்க வேண்டியதுதான்" என்றாராம் அவர். அரசு அலுவலகம் ஒன்றுக்குப் புகார் எழுதிப்போட்டார். சாட்சிக்கு யார் வருவார்கள் என்று அங்கே கேட்டார்கள். நான் வருகிறேன் என்றேன். அந்தப் போனை நேரடியாகக் கேட்டவர்கள் யாராவது வேண்டும் என்றார்கள். ஷபீர் உடனே வருகிறேன் என்று சொன்னான். அவனுக்கு அப்போது குழந்தை பிறந்திருந்தது. அடுத்த வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் புதிய இடமும் எங்கள் டைரக்டருக்குத் தெரிந்தவர்களுடையது. அக்கா அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். புகார் அப்படியே கிடந்துபோனது.

இப்போது அக்கா தம்பியின் பேட்டரி கடையில் கல்லாவில் உட்காருகிறார். நான் எப்போதாவது போவேன். நன்றாகத்தான் பேசுவார், சாப்பிடச் சொல்லுவார். தெருவில் ஏதோ தகராறு என்று பெண்கள் கூப்பிட வந்தால் மட்டும், உடம்பு சரியில்லை என்று மகளைவிட்டுச் சொல்லச் சொல்லுவார்.

நானும் அந்த கம்பெனியை விட்டு வேறு இடத்துக்கு வந்துவிட்டேன். போன மாதம் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சப்ளை செயினில் எங்கெல்லாம் பிரச்சினை என்று டீமை உட்கார வைத்துப் பேசிக் கண்டுபிடி, எல்லோரும் மனம்விட்டுப் பேச வேண்டும் என்றார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒரே ஒரு தடவ வந்து நடத்திக் குடுங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு. யாரும் பேசலன்னா என்ன பண்றது?"

அந்தப் பக்கம் யாருக்கோ மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பது கேட்டது.

"பேசுவாங்கம்மா" என்றார். "உன் மூஞ்சி அப்படி. நீ கேட்டா நம்பி எல்லாத்தையும் சொல்லிடுவாங்க. அதனாலதான் சொல்றேன். கேக்காத."